நிறுத்திய பொம்மையும் கழித்த பனியனும்



வணிக அறம் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தபோது, திருக்குறளில் தொடங்கி நேர்மையில் முடிப்பேன் என்று அறக்கட்டளையினர் நினைத்திருக்கக் கூடும். நான் பொம்மையை எடுத்துக்கொண்டேன். ஒரு நிறுவனம் தயாரிப்பை நிறுத்திவிட்ட பொம்மைகளைப் பெட்டி பிரிக்காமல் வாங்கி வைத்திருந்து, சில ஆண்டுகள் கழித்துப் பல மடங்கு விலைக்கு விற்பது உலகமெங்கும் நடக்கிற தொழில். நம் ஊர் இளைஞர்களிலும் அதைச் செய்கிறவர்கள் உண்டு. அது சரியா, தப்பா என்பதுதான் இன்றைய பேச்சு. பனியன் ஊரான திருப்பூரில் வந்து பொம்மைக் கதையா என்று சிரிப்பு வரலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இந்த ஊரைவிடத் தகுதியான ஊர் எனக்குத் தெரியவில்லை.

ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் எட்டிவிடுகிற தூரத்தில் காதர்பேட்டைத் துணிச் சந்தை. அங்கே விற்பவற்றில் ஒரு பெரும்பகுதி, முதலில் உங்களுக்கும் எனக்கும் என்று தைத்தவை அல்ல. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ யாரோ உடுத்துவதற்கென்று தைத்தவை. அவை எப்படி இங்கே தங்கின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்றாலும் இந்த உரை அச்சில் வெளியூருக்கும் போகும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு லட்சம் பீஸுக்கு ஆர்டர் வந்தால் கட்டிங்கிலேயே நூற்றுக்கு மூன்று, ஐந்து கூடுதலாக வெட்டிவிடுவார்கள். தையலிலும் பிரிண்டிங்கிலும் செக்கிங்கிலும் கொஞ்சம் கழியும் என்ற கணக்கு. அவ்வளவு கழியாவிட்டால் மிச்சம். சாயத்தில் ஷேடு ஒத்துவரவில்லை என்று பையர் தள்ளியது ஒரு வகை. கப்பலைத் தவறவிட்டு நின்றது ஒரு வகை. ஆர்டரே ரத்தானது இன்னொரு வகை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூட, பெட்டி கட்டி நின்ற சரக்கைக்கூட வேண்டாம் என்றார்கள்.

அந்த நேரத்தில் ஸ்டாக் லாட் வியாபாரி வருகிறார். "ஏனுங்ணா, மொத்தமா நானே எடுத்துக்கறேன், கிலோ கணக்குல போட்டுக் குடுங்க." கழுத்து லேபிளைக் கத்தரிக்கச் சொல்வார்கள், கத்தரிப்பார், அல்லது அரைகுறையாகக் கத்தரிப்பார். அவர் வாங்குகிற லாட்டில் அளவு வரிசை இருக்காது. பெரிய அளவு மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கும். பனிக்காலத்து ஃபிளீஸ் ஜாக்கெட் மே மாத வெயிலில் கையில் நிற்கும். குடோன் வாடகை, வட்டி, எலி, ஈரம் எல்லாம் அவர் பாடு. ஒரு நாள் ஒரு பார்ட்டி வந்து மூன்று மடங்கு விலைக்கு எடுத்துக்கொண்டு போகிறார். இதை யாராவது கொள்ளை என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. "கெட்டிக்காரன், துணிஞ்சு எடுத்தான்" என்பார்கள்.

அதே ஊரில் ஒரு பையன், கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய், தட்டில் புதிதாக மாட்டிய ஹாட் வீல்ஸ் கார்களில் அரிதானவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து ஐந்து மடங்கு விலைக்கு விற்றால், அவனைத் திட்டுகிறார்கள். மேட்டல் நிறுவனம் 1968 முதல் செய்துவரும் கார்கள் அவை. 1995 முதல் 'டிரெஷர் ஹன்ட்' என்ற பெயரில் சில வண்டிகளைக் குறைந்த எண்ணிக்கையில் கலந்து அனுப்புகிறது. தேடிக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் குழந்தைக்கு என்பது பெயரளவில். தேடுகிறவர்களில் பலருக்கு மீசை முளைத்து வெகு காலமாகிறது.

இருவருமே தாங்கள் செய்யாத பொருளை வாங்கி விற்றவர்கள். இருவருமே பல மடங்கு லாபம் பார்த்தவர்கள். ஒருவரை மெச்சுகிறோம், ஒருவரை ஏசுகிறோம். இதில் காரணம் இருக்கிறதா, வெறும் பழக்கமா?

லெகோ என்ற கட்டை அடுக்கும் பொம்மையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932-இல் ஒரு தச்சர் தொடங்கிய நிறுவனம். இன்று நாம் பார்க்கிற கட்டைக்குக் காப்புரிமை கேட்டது 1958-இல். அந்த நிறுவனம் பெரும்பாலான தொகுப்புகளை ஓரிரு ஆண்டுகள் விற்றுவிட்டு நிறுத்திவிடும். நின்றதும் விலை ஏறும். 1987-க்கும் 2015-க்கும் இடையில் வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகளின் மறுவிற்பனை விலையை மாஸ்கோவின் உயர் பொருளியல் பள்ளி ஆய்வாளர்கள் ஆராய்ந்து, சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 11 சதவீதம் லாபம் என்று கணக்குக் காட்டினார்கள். வைப்புநிதியைவிட மேல். இதைக் கேட்டதும் பொம்மைப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றத் தோன்றாத குடும்பத் தலைவர் உண்டா?

நமக்குப் பிடித்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2008-இல் லெகோ ஒரு தாஜ் மகால் வெளியிட்டது. 5,922 துண்டுகள், விலை ஏறத்தாழ 300 டாலர். அன்று பலருக்கு அது விலை கூடிய விளையாட்டு. நிறுத்திய பிறகு பிரிக்காத பெட்டி ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. 2017-இல் நிறுவனம் அதே தாஜ் மகாலைக் கிட்டத்தட்ட அப்படியே மறுபடி வெளியிட்டது, 370 டாலருக்கு. பழைய பெட்டியைப் பூட்டி வைத்திருந்தவர்களின் கணக்கு சரிந்தது. அவர்கள் நிறுவனத்தைத் திட்டினார்கள். எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வரவில்லை, ஆனால் கோபமும் இல்லை. 2008-இல் முழு விலை கொடுத்து வாங்கி, இடத்தை அடைத்துக்கொண்டு ஒன்பது ஆண்டு வைத்திருந்தார்கள். ஏறினால் அவர்களுக்கு, இறங்கினாலும் அவர்களுக்கே. நம் ஸ்டாக் லாட் வியாபாரியின் ஜாதகமும் இதுதான்.

லாபம் எத்தனை மடங்கு என்று பார்ப்பதால் அறம் பிடிபடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. வாங்கிய நேரத்தைப் பார்க்க வேண்டும். வேறு யாரும் கேட்காதபோது எடுத்தவர் பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அவர் எடுக்காவிட்டால் அது கழிவு வண்டியில் ஏறியிருக்கும், எந்திரம் துடைக்கிற பனியன் வேஸ்ட் ஆகியிருக்கும். எல்லோரும் வரிசையில் நிற்கும்போது முந்திக்கொண்டு எடுத்தவர் எதையும் காப்பாற்றவில்லை. அடுத்து நின்ற குழந்தைக்கு அச்சிட்ட விலைக்கே கிடைத்திருக்கும். அந்தக் குழந்தையின் கைக்கும் பொம்மைக்கும் நடுவில் வந்து நின்றதற்குக் கூலி கேட்கிறார். முதலாமவர் இல்லாத நாளில் பொருளே இல்லை. இரண்டாமவர் இல்லாத நாளில் விலை மட்டும்தான் குறையும்.

2025 ஆகஸ்டில் ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். மெக்டொனால்ட்ஸ் குழந்தைகள் சாப்பாட்டோடு போக்கிமான் அட்டைகளை இலவசமாகத் தந்தது. மறுவிற்பனைக்காரர்கள் கட்டுக்கட்டாக வாங்கினார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு பர்கரையும் உருளைக்கிழங்கையும் தெருவில் போட்டுவிட்டுப் போனார்கள். அட்டை உடனே தீர்ந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. குவிந்து கிடந்த சாப்பாட்டின் படங்களைப் பார்த்தவருக்கு நூல் பிடித்து விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் இதற்கு ஒரு சட்டமே இருக்கிறது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி, பொட்டலத்தின்மேல் அச்சிட்ட சில்லறை விலைக்கு மேல் சில்லறை வணிகரோ, தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர் உட்பட வேறு எவருமோ விற்கக் கூடாது. அமெரிக்காவில் பிரிக்காத பெட்டியை எந்த விலைக்கும் விற்கலாம். இங்கே எம்ஆர்பி ஒட்டிய பெட்டியை வியாபாரமாக ஐந்து மடங்குக்கு விற்கிறவர் அந்த விதிக்கு எதிரே நிற்கிறார். ஆனால் விதி எழுதியவர் மனத்தில் இருந்தது பேருந்து நிலையத்துக் கடையில் குளிர்பானத்துக்கு இரண்டு ரூபாய் சேர்த்து வாங்குகிறவர்தான் என்று நினைக்கிறேன். ஒன்பது ஆண்டு காத்தவரையும் ஒன்பது மணிக்கு முந்தியவரையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சட்டம் கோடு போடும் இடமும் அறம் கோடு போடும் இடமும் ஒன்றாக இல்லை.

இறக்குமதிப் பொம்மைகள் இங்கே அரிதானதில் அரசுக்கும் பங்கு உண்டு. பொம்மை மீதான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனது. 2021 சனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்க முடியாது. உள்நாட்டுத் தொழிலுக்கும் குழந்தையின் பாதுகாப்புக்கும் அது நல்லதாகவே இருக்கலாம். பழைய சரக்கைக் கையில் வைத்திருந்தவருக்கு அதனால் அதிர்ஷ்டமும் அடித்தது, தலைவலியும் வந்தது.

தட்டுப்பாட்டைத் தயாரிப்பவரே திட்டமிட்டு உண்டாக்குவதும் உண்டு. இதில் மறுவிற்பனைக்காரரை மட்டும் கூண்டில் ஏற்றினால் போதாது. அமெரிக்காவில் 1993-இல் 'பீனி பேபீஸ்' என்ற துணிப் பொம்மைகள் வந்தன. உள்ளே பிளாஸ்டிக் மணிகள் நிரப்பிய, உள்ளங்கையில் அடங்குகிற கரடி, தவளை, யானை. தைத்தது சீனாவில். விலை ஐந்து டாலர். டை நிறுவனத்தின் முதலாளி டை வார்னர் ஒரு தந்திரம் செய்தார். பெரிய கடைகளுக்கு அனுப்பாமல் சிறு பரிசுப்பொருள் கடைகளுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார். திடீரென்று ஒரு நாள் இந்தத் தவளைக்கு 'ஓய்வு' என்று அறிவிப்பார். ஐந்து டாலர் தவளை ஐந்நூறு ஆகும். ஒரு கட்டத்தில் ஈபே விற்பனையில் பத்தில் ஒரு பங்கு இந்தப் பொம்மைகள். பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு என்று அலமாரி அலமாரியாக வாங்கி வைத்தவர்கள் இருந்தார்கள். 1999-இல் லாஸ் வேகாஸ் நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்ற ஒரு தம்பதி, நீதிபதி உத்தரவுப்படி தரையில் குந்தி உட்கார்ந்து பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அந்தக் காட்சியின் புகைப்படம் உலகம் சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசி நாளில், டிசம்பர் 31-உடன் எல்லாப் பொம்மைகளுக்கும் ஓய்வு என்று நிறுவனம் அறிவித்தது. பிறகு வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி, மக்கள் கேட்கிறார்கள் என்று தொடர்ந்தது. அதற்குப் பிறகு சந்தை எழுந்திருக்கவே இல்லை. 

இங்கே ஏமாந்தவர் யார்? ஐந்நூறு டாலருக்குக் கடைசியாக வாங்கியவர். அவரும் விற்கத்தான் வாங்கினார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று தயாரிப்பாளருக்குத் தெரியும்: எத்தனை தவளை தைத்தோம் என்ற எண்ணிக்கை. அதை டை நிறுவனம் வெளியில் சொல்லவே இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, அவர்கள் வாங்கும்போது அதிகம் கொள்வதில்லை, விற்கும்போது குறைத்துக் கொடுப்பதில்லை என்பதோடு நிறுத்தவில்லை. விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்றதையும் சேர்த்தே பாராட்டுகிறார். புலவருக்கு லாபம் உறுத்தவில்லை. லாபம் மறைவாக இருப்பதுதான் உறுத்தியிருக்கும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தெரிந்தவர், தெரியாதவர் என்ற இந்த இடைவெளி நம் பக்கத்தில் மிகக் கூர்மையாகத் தெரிவது காரைக்குடியில். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்று விற்கிற மரப்பாச்சிகளும், தகரப் பொம்மைகளும், எனாமல் சட்டிகளும் ஏதோ ஒரு செட்டிநாட்டு வீட்டின் பரணிலிருந்து இறங்கியவை. பங்காளிகள் பல ஊர், பல நாடு போய்விட்டார்கள். வீட்டைப் பராமரிக்க ஆளில்லை. இருப்பதை வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கு அது பிரான்சு நாட்டுப் பயணியிடம் என்ன விலை போகும் என்று தெரியும். விற்கிற ஆச்சிக்குத் தெரியாது. என் அளவுகோலின்படி இந்த வியாபாரி நல்லவர் வரிசையில் வர வேண்டும்; யாரும் கேட்காதபோது எடுத்தவர், இல்லையென்றால் கரையான் அரித்திருக்கும். ஆனாலும் ஆச்சி "இதுக்கு என்ன பெறும், தம்பி?" என்று கேட்கும்போது, தெரிந்த பதிலை விழுங்கிக்கொண்டு "விறகு விலை போகும் ஆச்சி" என்கிறவரை என்னால் அந்த வரிசையில் நிறுத்த முடியவில்லை. கேட்காவிட்டால் சொல்ல வேண்டிய கடமை இல்லை என்று வாதிடலாம். கேட்ட பிறகு பொய் சொல்வது வியாபாரத் திறமை அல்ல.

செய்தவருக்கு என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. மறுவிற்பனை லாபத்தில் கைவேலை செய்தவருக்குப் பங்கு உண்டா? சட்டத்தில் ஓர் ஆச்சரியமான இடம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்ற பிரிவு, பின்னால் திருத்தத்தில் சேர்ந்தது. ஓர் ஓவியத்தின், சிற்பத்தின் மூலப்படி, அல்லது நூலின் கையெழுத்துப்படி, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அதில் படைத்தவருக்கோ வாரிசுக்கோ பங்கு கேட்க உரிமை உண்டு. பத்து சதவீதத்துக்கு மேற்படாமல் நிர்ணயிக்கலாம். இது நடைமுறையில் எத்தனை ஓவியர் வீட்டு அடுப்பை எரிய வைத்தது என்று கேட்காதீர்கள். ஆனால் கொள்கை எழுத்தில் இருக்கிறது: ஒரு முறை விற்றதோடு செய்தவரின் உறவு அறுந்துவிடுவதில்லை. ஓவியருக்கு அந்த உறவு உண்டு, தவளைப் பொம்மை தைத்த சீனப் பெண்ணுக்கு இல்லை. இங்கே பவர் டேபிள் என்கிற தையல் எந்திரத்தில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கும் இல்லை. அவர் தைத்த டி-ஷர்ட் பாரிஸில் எத்தனை யூரோவுக்குப் போனாலும், காதர்பேட்டையில் நூறு ரூபாய்க்குப் போனாலும் அவருக்கு அதே கூலி. ஆயிரக்கணக்கில் வெட்டி, பலர் கைமாறித் தைக்கிற பொருளில் பங்கைப் பிரிப்பது நடக்காது என்பார்கள். நடக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நியாயமில்லை என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. லெகோ நிறுவனம் இதற்கு முதலாளி பக்கத்திலிருந்து ஒரு வழி கண்டது. பழைய கட்டைகள் கைமாறுகிற பெரிய சந்தையான பிரிக்லிங்க்கை 2019-இல் அதுவே விலைக்கு வாங்கிவிட்டது. மறுவிற்பனைச் சந்தையும் இப்போது செய்தவர் கையில், அதாவது செய்வித்தவர் கையில்.

இதுவரை பேசியது இல்லாவிட்டாலும் வாழ்ந்துவிடக்கூடிய பொருளைப் பற்றி. தாஜ் மகால் பெட்டி கிடைக்காததால் எந்தக் குழந்தையும் பட்டினி கிடப்பதில்லை. ஆகவே பொம்மை விஷயத்தில் நான் கொஞ்சம் தாராளமாகவே இருந்தேன். நூல் விஷயத்தில் அப்படி இருக்க முடியாது. 2022 மே மாதம் நினைவிருக்கும். 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. முந்தைய ஆண்டு அது ஏறக்குறைய அதில் பாதி. ஏப்ரல் 14 முதல் மத்திய அரசு பஞ்சுக்கான 11 சதவீத இறக்குமதி வரியை நீக்கியும் நூல் விலை அடங்கவில்லை. மே 16, 17 இரண்டு நாள் இந்த ஊர் தொழிலை நிறுத்தியது. பதுக்கல் என்று ஒரு தரப்பு சொன்னது, விளைச்சல் குறைவு என்று இன்னொரு தரப்பு. இரண்டிலும் கொஞ்சம் இருந்திருக்கும். எனக்கு இதில் அக்கறையான விஷயம் வேறு. அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் பட்டியலைச் சுருக்கியபோது பஞ்சு வெளியேறியது. கைத்தறி நெசவாளருக்கான சிட்டா நூல் மட்டும் பட்டியலில் தங்கியது. நம் நிட்டிங் எந்திரத்தில் ஏறுகிற கோன் நூலுக்கு அந்தக் காவல் இல்லை. அதாவது சிட்டா நூலைப் பதுக்கினால் அது வயிற்றில் அடிப்பது என்று சட்டம் ஏற்கிறது; கோன் நூலைப் பதுக்கினால் அது வியாபாரம். பத்து பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவரிடம் அந்த வேறுபாட்டை விளக்கிப் பாருங்கள்.

என் அளவுகோலுக்கு எதிரான வழக்கையும் நானே வைத்துவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு முதலில் 25 சதவீதமும், 27-ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25 சதவீதமும் வரி போட்டது. அப்போது இந்த ஊர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்கு. ஆர்டர்கள் நின்றன, தள்ளுபடி கேட்டார்கள். அப்போதும் ஸ்டாக் லாட் வியாபாரி வந்து வாசலில் நிற்பார். யாரும் கேட்காதபோது எடுக்கிறவர்தான். ஆனால் உரிமையாளருக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும், வங்கித் தவணை நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். கிலோவுக்குச் சொல்கிற விலையில் அந்தத் தெரிதலும் கலந்திருக்கும். இங்கே அவர் பொருளை மட்டும் வாங்கவில்லை, ஒருவரின் நெருக்கடியையும் சேர்த்து வாங்குகிறார். யாருக்கும் வேண்டாத நேரம் என்று நான் சொன்னது, விற்கிறவருக்கு வேறு வழியில்லாத நேரமாகவும் இருக்கலாம் என்பதற்கு என் அளவுகோலில் இடமில்லை.

அதற்கு இடம் செய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி, வியாபாரத்தின் வடிவத்தை மாற்றுவது. மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்பதற்குப் பதிலாக விற்றுத் தருகிறேன் என்பது. முன்பணமாகக் கூலிக்கும் தவணைக்கும் ஆகிற தொகை. மீதி, விற்ற விலையில் பேசிய பங்கு. சரக்கு தேங்கினால் இருவருக்கும் வலி, ஏறினால் இருவருக்கும் லாபம். காய்கறி மண்டியில் இது காலங்காலமாக நடக்கிறது. பனியனில் நடக்காது என்று சொல்கிறவர்கள், விற்ற விலையை மற்றவர் உண்மையாகச் சொல்வார் என்று நம்ப முடியாது என்பதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். பட்டினப்பாலை வணிகரிடம் புலவர் பாராட்டியது அதைத்தான். இன்று பில்லும் ஜிஎஸ்டி கணக்கும் இருக்கிற காலத்தில் அந்த உண்மையைச் சரிபார்ப்பது முன்பைவிட எளிது. தொழில் சங்கங்கள் இதற்கு ஒரு மாதிரி ஒப்பந்தம் எழுதி அச்சடித்து வைக்கலாம். முதலில் கையெழுத்துப் போடுகிறவர் ஸ்டாக் லாட் வியாபாரியா, ஏற்றுமதியாளரா என்று இந்த அவையில் இருக்கிற இரு தரப்பும் தேநீர் நேரத்தில் பேசிக்கொள்ளுங்கள்.